212 மரங்களையும் எண்ணித் தந்தவர்களுக்கு

பலெர்மோவில் இருக்கும் எங்கள் தமிழ் உறவுகளுக்கு,

சிசிலியின் பார்தன்னாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் காணிக்கு நடுவால் வரவிருந்த மின்கம்பி இனி வராது. மாற்றிய வரைபடம் போன புதன்கிழமை கைக்கு வந்தது. கம்பி வீதியோரமாகவே போகிறது. படலைக்குப் பக்கத்தில் நிற்கும் நாலு ஒலிவ மரங்கள் போகும். மற்ற 208 மரங்களும் நிற்கும். மாமா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறார். ஊர்க்காரருக்கு இத்தாலிய மொழியில் நன்றி எழுதிக் கொடுத்துவிட்டோம். உங்களுக்கு நான் தமிழில்தான் எழுத வேண்டும்.

நடந்தது முழுவதும் உங்களில் பலருக்குத் தெரியாது. நீங்கள் கேட்காமலே வந்தவர்கள். அதனால் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தில் பெரிய மின்நிலையம் இருக்கிறது. துனிசியாவிலிருந்து கடலுக்கடியால் வரும் மின்கம்பியும் பார்தன்னாவில்தான் வந்து சேரப் போகிறது. திராப்பானி மாகாணத்தில் சூரிய மின்பூங்காக்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டமிடப்படுகின்றன. அவற்றில் ஒன்றின் கம்பியைப் புதைக்கத்தான் எங்கள் தோட்டத்தைக் குறுக்கே வெட்டக் கேட்டார்கள். நான் சூரிய மின்சாரத்துக்கு எதிரி இல்லை. 2024 வறட்சியில் சிசிலிக்கு அவசரநிலை அறிவித்தார்களே, அந்த வருடம் இலை சுருண்டு நின்ற மரங்களைப் பார்த்தவர்கள் நாங்கள். வானம் மாறுவது எங்களுக்குத் தெரியும். பக்கத்தில் வீதி இருக்கும்போது ஏன் தோட்டத்தைப் பிளக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி.

திட்ட அறிக்கையைத் திறந்து பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. அதில் எங்கள் காணி தானிய வயல். ஒரு மரம்கூட இல்லை! அவர்கள் பொய் எழுதவில்லை, தோம்பில், அதாவது நிலப் பதிவேட்டில், அப்படித்தான் இருந்தது. 1968 ஜனவரியில் பெலீச்சே நிலநடுக்கம் வந்தபோது மாமாவின் குடும்பம் வீடு இழந்து கொட்டிலில் இருந்தது. அடுத்த குளிர்காலத்தில் அவருடைய அப்பா கோதுமை வயலில் நொச்செல்லாரா வகை ஒலிவக் கன்றுகளை வைத்தார். வீடே இல்லாத மனிதருக்குத் தோம்பைத் திருத்த எங்கே நேரம்? அரை நூற்றாண்டுக்கு மேல் காய்த்த மரங்கள் கடுதாசியில் முளைக்கவே இல்லை.

மரங்களைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டுத் தருகிறோம் என்றும் சொன்னார்கள். பெயர்ப்பதென்றால் கொப்பெல்லாம் தறித்து, வேரைச் சுற்றி அறுத்து எடுக்க வேண்டும். பிழைத்தாலும் பழையபடி காய்க்கப் பல வருடம் போகும். தண்ணீர் இல்லாத மண்ணில் பிழைக்குமா என்பது வேறு கதை. மாமாவுக்கு வயது 74. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆட்சேபம் எழுத எங்களுக்கு இருந்தது 30 நாள். அந்த நாட்களில்தான் நீங்கள் வந்தீர்கள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மூன்று கார்களில், விடியவே. பலெர்மோவின் காவல் புனிதை ரொசாலியா அம்மாவிடம் பெல்லெக்ரினோ மலை ஏறும் ஞாயிறுகளை எங்களுக்காக விட்டீர்கள். ஒவ்வொரு மரத்துக்கும் அடிமரச் சுற்றளவு எடுத்து, இலக்கம் கட்டி, படம் பிடித்தீர்கள். கொண்டுவந்த இடியப்பத்தையும் சொதியையும் மாமி முதலில் தயங்கித்தான் வாங்கினார். இப்போது சொதி எப்படி வைப்பது என்று என்னை விடாமல் கேட்கிறார்.

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு ஐயாவை நான் தனியாகச் சொல்ல வேண்டும். 1990இல் விட்டுவந்த காணி பல வருடம் கழித்துக் கையில் கிடைத்தபோது, வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை, பனைகளும் இல்லை என்றீர்கள். "மரத்தை மட்டும் எடுக்காதே பிள்ளை. மரமும் எல்லைக்கல்லும் ஒரே படத்தில் விழ வேண்டும்" என்று எனக்குச் சொன்னது நீங்கள்தான். ஐயா, ஓய்வுபெற்ற நில அளவையாளர் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, இதை யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். அவரும் கோப்பியைத் தவிர எங்களிடம் ஒன்றும் வாங்கவில்லை.

சட்டம் படிக்கும் தங்கைக்கு எப்படி நன்றி சொல்ல? இத்தாலியில் ஒலிவ மரத்தைக் கண்டபடி வெட்டவிடாத சட்டம் 1945இலிருந்து இருக்கிறது. சொந்தக்காரனே அளவுக்கு மேல் வெட்டுவதென்றால் அனுமதி கேட்க வேண்டும். ஆனால் பொதுத் திட்டத்துக்கு விலக்கு உண்டு என்று நீ உடனே எச்சரித்தாய். அதனால் சட்டத்தை மட்டும் நம்பாமல், வீதிவழிப் பாதையை நாமே வரைந்து கொடுப்போம் என்றாய். அந்த யோசனைதான் எங்களைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன். பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அந்த 61 பக்க ஆட்சேபத்தையும் எழுதினாய், தங்கை.

செக்குக்காரர் பழைய பெட்டிகளைக் கிளறி 31 வருடத்து நிறைச் சீட்டுகளை எடுத்துத் தந்தார். எந்த வருடம் எத்தனை கிலோ காய் அரைத்தோம் என்று அவற்றில் இருந்தது. இந்தக் காணி தானிய வயல் இல்லை என்பதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? 28ஆம் நாள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம்.

சரி, இனி அறுவடை. ஒக்டோபர் முதற்கிழமை பச்சைக் காய் பறிக்கத் தொடங்குவோம். சாப்பாட்டுக் காய் அடிபடக்கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். பிறகு வலை விரித்து எண்ணெய்க்கு எடுப்போம். அன்றைக்கே செக்குக்குக் கொண்டுபோனால்தான் எண்ணெய் நல்லது. வரக்கூடியவர்கள் வாருங்கள். வராதவர்களுக்கும் வீட்டுக்கு ஐந்து லீட்டர் தகரம் ஒன்று வரும். காசு கதைக்கக் கூடாது, மாமாவின் கட்டளை.

பிள்ளைகள் கட்டிய இலக்கத் துண்டுகள் இன்னும் மரத்திலேயே இருக்கின்றன. 66ஆம் மரத்தில் துண்டு தலைகீழாகி 99 என்று தெரிகிறது. அதைக் கட்டிய சின்னவன் வந்து தானே திருப்பட்டும் என்று மாமா கை வைக்காமல் விட்டிருக்கிறார்.

அன்புடன்,
பார்தன்னாவிலிருந்து உங்கள் பிள்ளை