பலாலிக்கு ஒரு கோடு

மச்சான்,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை, தெரியும். ஏசுவதென்றால் ஏசி முடித்துவிட்டு வாசி. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்காலைத் தவிர. விஷயம் அதுவல்ல. போன வாரம் ஊருக்குப் போய் வந்தேன், யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் வழியாக!

நமக்குத் தெரிந்த வழி எது? சென்னையில் ஏறி, கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்காவில் இறங்கி, இரவு பஸ் பிடித்து, புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று விடிய விடியக் குலுங்கி வருவது. இந்தமுறை சென்னைக்குத் திரும்பியதும் நம் பள்ளிக்கூடத்து அடிமட்டம் மாஸ்டரை நினைத்துக்கொண்டு வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். (சிரிக்காதே, பிரம்படி வாங்கியவன் நீதான்.) சென்னையும் பலாலியும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில், 80 பாகை கிழக்கில் இருக்கின்றன. நேர் தெற்கே 355 கிலோமீட்டர், அவ்வளவுதான். கட்டுநாயக்காவுக்கு 640. அந்த 640 கிலோமீட்டர் கோட்டை இழுத்தால் எதற்கு மேலால் போகிறது என்று நினைக்கிறாய்? யாழ்ப்பாணத்துக்கு மேலால்! வீட்டுக் கூரையைத் தாண்டிப் போய் இறங்கிவிட்டு, பிறகு அதே வீட்டுக்குத் தரைவழியாகக் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் திரும்பி வந்திருக்கிறோம், இத்தனை வருடமாக.

இதில் புதுமையும் இல்லை. 1947இல் ஏர் சிலோன் தொடங்கியபோதே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து, பலாலிக்குப் பக்கத்துக் காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. நம் அப்பாமார் காலத்து வழிதான் இது.

வந்தது இரண்டு பக்கமும் விசிறி சுற்றுகிற ஏடிஆர் விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர் போகும், கணக்குப்படி முக்கால் மணி நேரம் போதும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வளைவது எல்லாம் சேர்த்து அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருக்கிறார்கள். அதற்காகச் சென்னை விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்க் குந்தியிருந்தேன், அது வேறு கதை. பக்கத்து இருக்கைக்காரர் கண்ணை மூடிக் குறட்டை விடத் தொடங்கும்போதே கீழே பனைமரம் தெரிகிறது.

பனையைப் பார்த்ததும் தொண்டை அடைத்துவிட்டதடா. 2019இல் இந்தச் சேவையைத் தொடங்கினார்கள், 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது, திரும்ப வந்தது 2022 டிசம்பரில். நடுவில்தான் அப்பா போனார். செத்தவீட்டைப் போனில் பார்த்தேன், உனக்குத் தெரியும். அப்போது எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து பார்க்கத் தோன்றவில்லை. இப்போது ஏன் அளந்தேனோ.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்கும் போனேன். அம்மா நன்றாக இருக்கிறா, காதுதான் கொஞ்சம் மந்தம். எனக்குத் தேத்தண்ணி ஊற்றிவிட்டு, ‘நீ எவ்வளவு நேரத்திலயடா வந்தனி?’ என்று கேட்டா. ஒன்றேகால் மணித்தியாலம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அவனுக்கு லண்டனிலயிருந்து எவ்வளவு பிடிக்கும்?’ என்றா.

சென்னைக்குப் பத்தரை, அங்கிருந்து ஒன்றேகால், ஆக மொத்தம் கிட்டத்தட்டப் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டேன். சென்னையில் காத்துக்கிடக்கிற நேரத்தை வேண்டுமென்றே சொல்லவில்லை. அதை என் வீட்டில் வந்து கழித்துக்கொள்.

உன்,
மொட்டையன்