பொனெல்லி வீட்டுக் கதை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். முழங்கால் வலிக்கு இன்னமும் தைலத்தையே நம்பிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மதுரைக்குப் போய் நல்ல எலும்பு டாக்டர் ஒருவரைப் பார்த்துவிடு. இங்கே எல்லோரும் சுகம்.

அச்சகத்தை மகளிடம் ஒப்படைக்க உனக்கு மனம் இருக்கிறது. ஆனால் தாள் வியாபாரிகளும் வெளியூர் ஏஜென்ட்டுகளும் பெண்பிள்ளையிடம் வந்து பேசுவார்களா என்று உறவினர்கள் கேட்கிறார்கள் என எழுதியிருக்கிறாய். அதைப் படித்த நிமிடமே எனக்கு மிலான் நகரத்துத் தேயா பொனெல்லிதான் நினைவுக்கு வந்தார். நம் காமிக்ஸ் கௌபாய் டெக்ஸ் வில்லரை வளர்த்தெடுத்த இத்தாலியப் பதிப்பக வீடு அவருடையது. கொஞ்ச நாளாக அந்தக் குடும்பத்தின் கதையைத்தான் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

குடும்பத் தலைவர் ஜான் லூயிஜி பொனெல்லி, 1908-ல் பிறந்தவர், சாகசக் கதை எழுத்தாளர். நாவல் உலகம் காமிக்ஸுக்குக் கடனாகக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காத ஆள் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வாராம். 1940-களின் தொடக்கத்தில் ஒரு சிறுவர் வாரப் பத்திரிகையை வாங்கிச் சொந்தமாக நடத்தத் தொடங்கினார். போர்க்காலம், தாள் தட்டுப்பாடு, குண்டுவீச்சு. அதற்குள் கணவன் மனைவிக்குள் பிரிவும் வந்துவிட்டது. இந்த இடத்தில் பெரும்பாலான குடும்பத் தொழில்கள் உடைந்துபோகும். இங்கே நடந்தது வேறு. பதிப்பகத்தைத் தேயா எடுத்துக்கொண்டார். ஜான் லூயிஜி அதே பதிப்பகத்துக்குக் கதை எழுதிக் கொடுக்கும் எழுத்தாளரானார். பிரிந்துபோன கணவருடைய கைப்பிரதியை வாங்கி, ஓவியரிடம் கொடுத்து, அச்சுக்கு அனுப்பி, விற்பனைக் கணக்கும் பார்த்தவர் அந்த அம்மாள். வீடும் அலுவலகமும் அப்போது ஒன்றாகத்தான் இருந்தன.

1948 செப்டம்பர் 30 அன்று ஜான் லூயிஜி எழுதிய டெக்ஸ் வெளிவந்தது. அந்த முதல் இதழை நீ பார்த்தால் நம்பமாட்டாய். செக் புத்தகம் மாதிரி நீளவாக்கில் ஒடுங்கிய சின்னப் பிரதி. ஒரு பக்கத்துக்கு ஒரே வரிசைப் படம், அவ்வளவுதான். பையன்கள் சில்லறைக் காசு கொடுத்து வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொள்ளத் தோதான அளவு. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு அவர்கள் பெரிதாக நம்பியது டெக்ஸை அல்ல. வேறொரு வாள்வீச்சு நாயகனின் தொடரைத்தான் பெரிய அளவில், கவனமாகத் தயாரித்தார்கள். இரண்டுக்கும் ஓவியர் ஒருவரே: கலெப் என்று கையெழுத்திடும் அவுரேலியோ கலெப்பினி. பகலெல்லாம் வாள்வீரனை வரைந்துவிட்டு, மிச்சம் கிடைத்த இராத்திரி நேரத்தில் டெக்ஸை வரைந்தார். வாள்வீரன் சீக்கிரமே மறைந்துபோனான். இராத்திரியில் வரைந்தவன் இன்னும் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறான்.

நாயகனுக்கு முதலில் யோசித்த பெயர் டெக்ஸ் கில்லர். அது கொலைகாரன் என்று ஒலிக்கிறதே, சிறுவர் கையில் போகிற புத்தகமாயிற்றே என்று வில்லராக மாற்றச் சொன்னவர் தேயாதான். அவருடைய பெயர் கதாசிரியர் பட்டியலிலும் இல்லை, ஓவியர் பட்டியலிலும் இல்லை. ஆனால் நாம் எண்பதுகளில் லயன் காமிக்ஸில் உச்சரித்துப் பழகிய பெயரில் அந்த அம்மாளின் கை இருக்கிறது.

மகன் செர்ஜியோ 1932-ல் பிறந்தவன். முதலாளி மகன் என்று நாற்காலியில் உட்காரவில்லை. பார்சல் தூக்கினான், கிடங்கில் நின்றான், வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதினான். 1957-ல்தான் அம்மாவிடமிருந்து நிர்வாகம் கைமாறியது. மறு ஆண்டே, சின்னப் பிரதிகளில் வந்து முடிந்த பழைய டெக்ஸ் கதைகளைப் பக்கத்துக்கு மூன்று வரிசையாக அடுக்கி, 16-க்கு 21 சென்டிமீட்டர் அளவில், தடித்த புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். அச்சுத்தொழிலில் இருக்கும் உனக்கு இதன் அருமை உடனே புரியும். ஓவியத்துக்குக் கொடுத்த கூலி ஏற்கெனவே வசூலாகிவிட்டது. மறுபடி செலவு தாளும் மையும் பைண்டிங்கும்தான். வாசகனுக்கோ ஒரு முழுக் கதையைக் கையில் பிடித்துப் படித்த திருப்தி. பின்னால் அந்த அளவே அந்த வீட்டின் முத்திரையாகி, இத்தாலியில் வேறு பதிப்பகங்களும் பின்பற்றும் அளவாகிவிட்டது. உள்ளே கறுப்பு வெள்ளைதான். நூறாவது இதழ், இருநூறாவது இதழ் என்று விசேஷ இதழ்களுக்கு மட்டும் வண்ணம்! அந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விலையைக் கைக்கெட்டும் அளவில் வைத்து மாதம் தவறாமல் கொடுப்பதுதான் அவர்கள் தொழில், வண்ணம் திருவிழாவுக்கு.

செர்ஜியோவிடம் நான் வியப்பது இன்னொன்று. அவருக்கும் எழுத வரும், நன்றாகவே வரும். 1961-ல் ஓவியர் ஃபெர்ரியுடன் சேர்ந்து ஜாகோர் என்ற நாயகனைப் படைத்தார். 1975-ல் அமேசான் காட்டு நகரமான மனாவுஸில் விமானம் ஓட்டிப் பிழைக்கும் மிஸ்டர் நோ. அந்தக் காட்டுப்பகுதி அவரே விரும்பிச் சுற்றிய இடம். இவை எதிலும் பொனெல்லி என்ற பெயரைப் போடவில்லை. குயிடோ நொலிட்டா என்ற புனைபெயரில் எழுதினார். அந்த வீட்டில் எழுத்தாளர் பொனெல்லி என்றால் அப்பா மட்டும்தான் என்பதில் உறுதியாக இருந்தார். டெக்ஸுக்கே அவர் கதை எழுதிய காலத்திலும் பல வாசகர்கள் அதை அப்பாவின் எழுத்து என்றுதான் நினைத்திருந்தார்கள். இந்த அடக்கம் எத்தனை பேருக்கு வரும், சொல்.

அடுத்தவர் கற்பனைக்கும் இடம் கொடுத்தார். 1982-ல் அல்ஃப்ரெடோ காஸ்தெல்லியின் மார்ட்டின் (நம் மர்ம மனிதன் மார்ட்டினேதான்), 1986-ல் திசியானோ ஸ்க்லாவியின் டைலன் டாக் எல்லாம் அந்த வீட்டு வாசல் வழியாக வந்தவைதான். டைலன் டாக் இத்தாலியில் இளைஞர்களைப் பைத்தியமாக அடித்தது. மாத விற்பனையில் லட்சங்களைத் தொட்டது.

கலெப் 1994-ல் காலமானார். டெக்ஸின் 400-வது இதழ் வரை அட்டைப்படம் அவருடையதே. ஜான் லூயிஜி 2001-ல், செர்ஜியோ 2011 செப்டம்பர் 26-ல் மறைந்தார்கள். அதன்பின் பொறுப்பு செர்ஜியோவின் மகன் தாவிதேவிடம் வந்தது. மூன்று தலைமுறை! உங்கள் சிவகாசியிலேயே, 1972-ல் அப்பா சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸ் தொடங்க, 1984-ல் மகன் விஜயன் லயனைத் தொடங்கிய கதை உனக்குத் தெரிந்ததுதானே. டெக்ஸ் தமிழ் பேசியது ஒரு குடும்பத்தின் கையிலிருந்து இன்னொரு குடும்பத்தின் கைக்கு வந்து சேர்ந்ததால்தான் என்று நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது.

இனி உன் விஷயம். அந்தக் குடும்பத்தில் கற்பனை அப்பாவுடையது, எல்லோரும் அவரைத்தான் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் போர் முடிந்த ஊரில், தாளுக்கும் காசுக்கும் முட்டுப்பட்ட நாட்களில், கடையை மூடாமல் காத்தவர் தேயா. அவரிடம் வந்து அச்சக்காரர்களும் ஏஜென்ட்டுகளும் பேசத்தானே செய்தார்கள்? உன் மகள் ஏற்கெனவே லெட்ஜர் எழுதுகிறாள், ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறாள், வந்திறங்கும் தாளை ரீம் ரீமாக எண்ணி வாங்குகிறாள், பிளேட்டில் பிழை இருந்தால் மெஷினை நிறுத்தச் சொல்கிறாள். இதையெல்லாம் நீதான் எனக்குப் பெருமையாக எழுதினாய். பிறகு என்ன தயக்கம்? காலண்டர் சீசன் தொடங்கும்முன் கையெழுத்து அதிகாரத்தை அவளுக்கு மாற்றிக் கொடு. நீ பக்கத்தில் இரு, ஆனால் ஏஜென்ட் கேள்வி கேட்டால் பதிலை அவள் சொல்லட்டும். செர்ஜியோ பொறுப்பேற்ற பிறகும் அப்பா பல ஆண்டுகள் எழுதிக்கொண்டேதான் இருந்தார். யாரும் அவரை ஓரங்கட்டிவிடவில்லை. உன்னையும் ஓரங்கட்ட மாட்டார்கள்.

ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் மாதிரி ஆல்பம் போடும்போது நான் வருகிறேன். அவளையே அழைப்பிதழ் அனுப்பச் சொல். வரும்போது நம் பழைய டெக்ஸ் இதழ்களையும் கொண்டுவருகிறேன். அட்டை கிழிந்தவை நாலைந்து இருக்கின்றன, உங்கள் பைண்டரிடம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். டாக்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்