மணிச்சத்து: டெல்டா வேளாண் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

காவிரி டெல்டாவில் வேலை பார்க்கும் வேளாண்மைத் துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் மண் பரிசோதனை அட்டை கைக்கு வந்தது. மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு, நேராக எக்டருக்கு 41 கிலோ என்று போட்டு, பக்கத்தில் 'அதிகம்' என்று இருந்தது. 22-ஐத் தாண்டினாலே அதிகம் என்று வகுத்தது நீங்கள்தான், சரி. ஆனால் அதே அட்டையின் அடியில் சம்பாவுக்கான பரிந்துரை என்ன தெரியுமா? அடியுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி, தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த உரம். மேலே அதிகம் என்று சொல்லிவிட்டுக் கீழே இன்னும் போடு என்றால் எதை நம்புவது என்று கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தாங்க வரும், போடுங்க, மணி நல்லாப் பிடிக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அந்த 'மணி பிடிக்கும்' தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று யார் பெயர் வைத்தார்களோ, நாக்கில் நிற்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். ஆனால் மணிச்சத்து என்றதும் கதிரில் மணி கட்டும்போதுதான் அதற்கு வேலை என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றிவிடுகிறது. என் அப்பா பயிர் கதிர் விடும் முன் பொதிக்கு வரும்போது அரை மூட்டை டிஏபியை எடுத்து வீசுவார், அவருடைய அப்பாவும் வீசியிருப்பார் (அவர் காலத்தில் அது சூப்பர் பாஸ்பேட்). யூரியா தண்ணீரில் கரைந்து ஓடும். மணிச்சத்து உரத்தில் இருக்கும் பாஸ்பேட் அப்படி ஓடாது, விழுந்த இடத்தை விட்டு நகரவே நகராது. வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும், அதனால்தான் வேர் பிடிக்கும்போதும் தூர் கட்டும்போதும் அது பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அடியுரமாகப் போடச் சொல்கிறீர்கள். இந்தக் காரணத்தை எந்தக் கூட்டத்திலும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, எத்தனை மூட்டை என்பதை மட்டும் சொல்வார்கள்.

எனக்கே இது புரிந்தது வயலில் இல்லை, மாட்டுக் கொட்டகையில். எங்கள் சிவலைப் பசு இரண்டாவது ஈற்றுக்குப் பிறகு வேலியோரம் கிடந்த எலும்புத் துண்டை எடுத்து மென்றுகொண்டிருந்தது, பிடுங்கினால் மறுபடி தேடிப் போனது, கொடியில் காய்ந்த துண்டையும் விடவில்லை. பார்க்க வந்த கால்நடை மருத்துவர் ஊசி எதுவும் போடவில்லை. "வைக்கோல் மட்டும் போடறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தாது உப்புக் கலவையும் தவிடும் சேர்க்கச் சொன்னார். உடம்பில் பாஸ்பரஸ் குறைந்தால் மாடு எலும்பைத் தேடும், ஏனென்றால் எலும்பு என்பதே பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கல். நெல் முற்றும்போது பயிர் தன்னிடம் உள்ள பாஸ்பேட்டில் பெரும்பகுதியை மணிக்கு அனுப்பிவிடுகிறது, அதிலும் அதிகம் தவிட்டில் சேர்கிறது, வைக்கோலில் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஆக, பெயர் வைத்தவர்கள் சொன்னது பாதி சரி, போய்ச் சேரும் இடம் மணிதான், ஆனால் உள்ளே நுழைய வேண்டியது பயிர் சின்னதாக இருக்கும்போது.

பாஸ்பேட் என்றால் ஒரு பாஸ்பரஸ் அணு, அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள், அவ்வளவுதான் பொருள். ஆனால் இது இல்லாமல் ஒரு புல்கூட முளைக்காது. டிஎன்ஏ ஏணியின் இரண்டு பக்கச் சட்டங்களிலும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி வருகின்றன. ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வில் அது இருக்கிறது. நாம் கையை மடக்குவதற்கும் நாற்று வேர் விடுவதற்கும் செலவாகும் ஏடிபி என்ற சில்லறைக் காசுக்கு மூன்று பாஸ்பேட் கொண்ட வால் உண்டு, அதில் கடைசி ஒன்று கழன்று விழும்போதுதான் வேலைக்கு வேண்டிய சக்தி கிடைக்கிறது. தழைச்சத்தையாவது பயறு வகைகளின் வேர் முடிச்சு காற்றிலிருந்து பிடித்துக் கொடுக்கும். பாஸ்பேட்டுக்குக் காற்றில் கையிருப்பே கிடையாது, பாறையிலிருந்துதான் வந்தாக வேண்டும். உலகத்தின் பாஸ்பேட் பாறை இருப்பில் 70 சதவீதம் அளவுக்கு மொராக்கோவிலும் மேற்கு சஹாராவிலும் கிடக்கிறது. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலை 1906-இல் நம் ராணிப்பேட்டையில்தான் வந்தது, ஆனாலும் பாறைக்கு இன்றைக்கும் கப்பலைத்தான் எதிர்பார்க்கிறோம்.

அப்படி வருவதைத்தான் நாங்கள் வரிசையில் நின்று, கைரேகை வைத்து, சில கடைகளில் தேவையில்லாத வேறொரு பாட்டிலையும் சேர்த்து வாங்கினால்தான் மூட்டை என்ற நிபந்தனைக்குத் தலையாட்டி வாங்கிவந்து, ஏற்கெனவே நிறைந்திருக்கும் மண்ணில் கொட்டுகிறோம். 50 கிலோ டிஏபி மூட்டையில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ. போட்ட மணிச்சத்தில் அந்தப் போகத்துப் பயிர் எடுப்பது ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே பெரிது. மீதி மண்ணில் கால்சியத்தோடோ இரும்போடோ ஒட்டிக்கொள்கிறது. அது வீணாகிவிடவில்லை, பூட்டிய பெட்டியில் இருக்கிறது. வயலில் தண்ணீர் கட்டினால் இரும்போடு இருப்பது கொஞ்சம் அவிழும், நீங்கள் தரும் பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரமும் கொஞ்சம் அவிழ்த்துவிடும். தாத்தா காலத்திலிருந்து போட்டுப் போட்டுச் சேர்ந்ததுதான் அட்டையில் இருக்கும் அந்த 41. இதற்கு மேலும் போட்டால் துத்தநாகத்தைப் பயிர் எடுக்க முடியாமல் இலையில் துருப்பிடித்த மாதிரி புள்ளி வருகிறது, அப்புறம் அதற்கு ஜிங்க் சல்பேட் வாங்கு என்கிறார்கள்.

நீங்கள் சொன்னது எல்லாமே தப்பு என்று எழுத வரவில்லை. சம்பா அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்துக்கு 4 கிலோ டிஏபியை ராத்திரியே ஊறவைத்து, காலையில் தெளிந்த நீரை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கிப் பூக்கும்போது ஒரு தடவையும் பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவையும் அடிக்கச் சொன்னீர்களே, தங்கமான யோசனை. அங்கே இலை வழியாகவே போய்விடுகிறது, மண் பூட்டுப் போட வழியில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அட்டையில் அதிகம் என்று வந்தால் கீழே உள்ள பரிந்துரையும் அதற்கேற்பக் குறைய வேண்டும், எல்லா அட்டைக்கும் ஒரே வரியை அச்சடிக்காதீர்கள். பாஸ்போபாக்டீரியா பாக்கெட் நாற்றங்கால் போடும் முன்னால் வரட்டும், போன வருஷம் எங்களுக்குக் களை எடுக்கும்போதுதான் வந்தது. விவசாயிகள் கூட்டத்தில் பத்து நிமிஷம் ஒதுக்கி, பாஸ்பேட் மண்ணில் என்ன ஆகிறது என்பதை மூட்டைக் கணக்கு இல்லாமல் சொல்லுங்கள்.

இந்தச் சம்பாவில் ஒரு ஏக்கரை டிஏபி இல்லாமல் நடப்போகிறேன். டிஏபியில் வரும் தழைச்சத்துக்கு ஈடாக 20 கிலோ யூரியா மட்டும் கூடுதலாகப் போடுவேன். வரப்புக்கு அந்தப் பக்கத்து ஏக்கரில் தம்பி வழக்கம்போல ஒரு மூட்டை போடுவான். தை மாதம் அறுப்புக்கு யாராவது ஒருவர் வாருங்கள், இரண்டையும் தனித்தனியாகத் தூற்றி எடை போடுவோம், தராசு எங்களிடமே இருக்கிறது.