ஊசி போட்ட மறுநாள் எங்களுக்கு விடுப்பு கொடுங்கள்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் ஐயா அவர்களுக்கும், தடுப்பூசிப் பணியைப் பார்க்கும் அலுவலர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் நம் மருத்துவமனையில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரே வார்டின் செவிலியர்கள் எல்லோரையும் ஒரே நாளில் வரச்சொல்லி கொரோனா தடுப்பூசியான கோவிஷீல்டு போட்டீர்கள். அன்று ராத்திரியே பலருக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி. காலை ஷிஃப்டுக்கு லீவு கேட்டுப் போன் செய்தவர்களுக்குக் கிடைத்த பதில், "ஊசிக் காய்ச்சல்தானே சிஸ்டர், ஒரு பாராசிட்டமால் போட்டுட்டு வாங்க."

எங்களோடு வேலை செய்யும் ஒரு தங்கை, ஒப்பந்தச் செவிலியர். வராவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்று பயந்து காய்ச்சலோடு பஸ் ஏறி வந்தாள். வாசலில் நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டரைக் காட்டியதும் நிறுத்திவிட்டார்கள். நேற்றுதான் ஊசி போட்டேன் என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. டெஸ்ட் எடுத்து, ரிசல்ட் வரும்வரை உள்ளே வரக்கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். காய்ச்சலோடு யாரையும் நோயாளி பக்கத்தில் விடக்கூடாது என்பது எங்களுக்கும் தெரியும், அதில் தப்புச் சொல்லவில்லை. ஆனால் ரிசல்ட் நெகட்டிவ் என்று வந்த பிறகும், வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஆப்சென்ட் என்றே இருக்கிறது. வரச் சொன்னதும் நீங்கள், வராதே என்றதும் நீங்கள், போனது அவள் சம்பளம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது ஐயா?

இந்தக் காய்ச்சல் எதிர்பாராமல் வந்ததும் இல்லை. கோவிஷீல்டு தகவல் தாளிலேயே இருக்கிறது: ஊசி போட்ட இடத்தில் வலி, தலைவலி, அசதி பாதிப் பேருக்கு மேல், காய்ச்சல் உணர்வும் குளிரும் 30 சதவீதத்துக்கு மேல், அதுவும் வயதானவர்களைவிட இளையவர்களுக்கு அதிகம். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். அந்த ஓரிரு நாளைத்தான் கேட்கிறோம், அதில் ஒரு நாளாவது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, ஒரே பிரிவில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் போடாதீர்கள், முடிந்தால் விடுமுறைக்கு முந்தைய நாள் போடுங்கள் என்று மருத்துவமனைகளுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டது. இருமல், மூச்சுத்திணறல், வாசனை தெரியாமல் போவது இதெல்லாம் ஊசியால் வருவதில்லை, அவை இருந்தால் கொரோனாவைச் சந்தேகிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னது. இந்த இரண்டு வரியை ஒரு தாளில் எழுதி வாசலில் இருப்பவரிடம் கொடுத்திருக்கலாம்.

நாங்கள் தடுப்பூசிக்கு எதிரிகள் அல்ல. ஜனவரி 16 அன்று மதுரை ராஜாஜி மருத்துவமனையில் முதல்வர் தொடங்கி வைத்ததிலிருந்து, போட்டுக்கொள்ளுங்கள் என்று தயங்குகிறவர்களிடம் பேசிக்கொண்டிருப்பதே நாங்கள்தான். ஆனால் தூய்மைப் பணி பார்க்கும் அக்காமார்கள் இப்போது எங்களிடம் கேட்கிறார்கள், "உங்களுக்கே லீவு தரலையே, நாங்க படுத்தா எங்களுக்கு அன்னிக்குக் கூலி யார் தருவா?" இதற்கு என்ன பதில் சொல்வது? அவர்களுக்கு ஊசியைவிட அன்றையக் கூலி போவதுதான் பயம். வாட்ஸ்அப் வதந்தியால்தான் தயங்குகிறார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறீர்கள், அவர்களிடம் ஒரு முறையாவது நேரில் கேட்டீர்களா?

போன வருஷம் எங்களுக்காகக் கை தட்டினார்கள், விளக்கேற்றினார்கள், ஹெலிகாப்டரில் வந்து பூத்தூவினார்கள். அப்போது பிபிஇ கிட் என்ற பாதுகாப்பு உடைக்குள் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஷிஃப்ட் ஷிஃப்டாக நின்ற ஒப்பந்தச் செவிலியர்கள் இன்னமும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். அப்புறம் எதற்கு அந்தப் பூ? கோபம் வருகிறது, மன்னிக்கவும். அது தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம், இன்று அதைக் கேட்கவில்லை.

கேட்பது ஒன்றுதான். ஊசி போட்ட மறுநாள், ஒப்பந்தம் நிரந்தரம் என்று பார்க்காமல் எல்லோருக்கும் சம்பளத்தோடு விடுப்பு. அதற்கு வசதியாக ஒரு வார்டில் ஒரு நாளைக்குச் சிலருக்கு மட்டும் போடுங்கள், மற்றவர்கள் டூட்டி பார்த்துக்கொள்வோம். போட்ட பிறகு 30 நிமிடம் உட்காரவைத்துப் பார்ப்பதோடு முடித்துக்கொள்ளாமல், மறுநாள் யாராவது ஒருவர் போன் செய்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். ராத்திரி வந்த காய்ச்சல் அந்த 30 நிமிடத்தில் தெரியாது.

28 நாள் கணக்கில் இரண்டாவது டோஸுக்கான பட்டியல் தயாராகிறது. அதில் பக்க விளைவு குறைவாக இருக்கும் என்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் அக்காமார்களுக்கு முதல் டோஸே இனிமேல்தான். அவர்கள் பெயரைப் பட்டியலில் எழுதும்போதே மறுநாள் விடுப்பையும் சேர்த்து எழுதுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அந்தத் தங்கையின் ஆப்சென்டையும் தயவுசெய்து திருத்திக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருத்துவமனைச் செவிலியர்களில் ஒருத்தி
பிப்ரவரி 2021