ஈயம் உருக்கும் ஆலைகளுக்கு: சத்து மாத்திரை கவசம் ஆகாது

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் ஆலைகளின் நிர்வாகத்தினருக்கும் ஆலை மருத்துவர்களுக்கும்,

வணக்கம். குழந்தை தங்கவில்லை என்று வரும் தொழிலாளிக்கு வைட்டமின் சி, ஈ, செலினியம், துத்தநாகம் கலந்த மாத்திரையைக் கொடுத்து, அதே உலையடிக்கே திருப்பி அனுப்பாதீர்கள். அவருடைய விந்தணுவைக் கெடுப்பது உலையின் ஈயமாக இருக்கலாம்.

மாத்திரைக்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது. விந்தணுவின் உறையில் எளிதில் ஆக்சிகரணமாகும் கொழுப்பு அமிலங்கள் நிறைய. காக்கும் நொதிகளோ குறைவு. ஈயம் கிளப்பும் ஃப்ரீ ராடிக்கல்கள் (செல்லை அரிக்கும் நிலையற்ற மூலக்கூறுகள்) முதலில் தாக்குவது அங்கேதான். அவற்றை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் (அந்த மாத்திரையில் இருப்பது போன்றவை) கொடுத்த ஆய்வக எலிகளில் சேதம் குறைந்ததும் உண்மை. ஆனால் எலிக்குப் போகும் ஈயம் அளந்து கொடுத்தது. உங்கள் ஆளுக்கு ஒவ்வொரு ஷிப்டிலும் ஏறிக்கொண்டே போகிறது. தவிர, விந்தணுவின் டிஎன்ஏவைச் சுருட்டிக் கட்டும் புரோட்டமின் என்ற புரதத்தில் துத்தநாகத்தின் இடத்தை ஈயம் பிடித்துக்கொள்ளும். வைட்டமின் அந்த ஈயத்தை அங்கிருந்து அகற்றாது.

ஈயத் தொடர்பில்லாத ஆண்களிடமே பலன் சந்தேகம்தான். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 2,370 தம்பதியரில் ஆண்களுக்குத் தினமும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும், அல்லது வெற்று மாத்திரையும், ஆறு மாதம் தந்தார்கள். சத்து மாத்திரை எடுத்தவர்களிடம் குழந்தைப் பிறப்பு கூடவில்லை. விந்தணுவில் டிஎன்ஏ முறிவு சற்றுக் கூடியது.

முதலில் ரத்தத்தில் ஈயம் பாருங்கள். முழு ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும். ஈயம் பெரும்பாலும் சிவப்பணுவில் இருப்பதால் சீரம் (அணுக்களைப் பிரித்த ரத்த நீர்) பார்த்து ஏமாறாதீர்கள். குளித்து உடை மாற்றிய பிறகு, ஆலைத் தளத்துக்கு வெளியே, கையைச் சோப்பால் கழுவி ரத்தம் எடுங்கள். இல்லையென்றால் தோலில் ஒட்டிய தூசியும் கணக்கில் ஏறிவிடும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம் (2021). 40 தாண்டினால் விந்தணு பாதிப்பு ஆய்வுகளில் தெளிவாகவே தெரிகிறது. அந்த ஆளை உலையிலிருந்து மாற்றுங்கள். விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும் என்பதால், மாற்றிய அடுத்த மாதமே விந்துப் பரிசோதனை செய்து பயனில்லை. மூன்று மாதம் கழித்து, 2 முதல் 7 நாள் உறவு தவிர்த்து, இரண்டு முறை பாருங்கள். பழைய ஆட்களுக்கு எலும்பில் சேர்ந்த ஈயம் கசிந்துகொண்டே இருக்கும், எண் மெதுவாகத்தான் இறங்கும்.

உலர் துடைப்பத்தாலும் காற்றுக் குழாயாலும் தரையைச் சுத்தம் செய்வதுதான் பல ஆலைகளில் பெரிய கோளாறு. படிந்த தூசி மறுபடி மூக்குக்கே வருகிறது. ஈரத்தால் துடையுங்கள். உலை வாய்க்கு மேல் உறிஞ்சு கூண்டு வையுங்கள். வேலை உடுப்பை ஆலையிலேயே துவையுங்கள். அது வீட்டுக்குப் போனால் ஈயம் மனைவிக்கும் பிள்ளைக்கும் போகிறது. வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் உட்கிரகிக்கப்படும், ஆகவே ஷிப்டுக்கு முன் சாப்பாடு போடுங்கள். இரும்பு, கால்சியம் குறைவு இருந்தால் சரிசெய்யுங்கள். அந்தச் செலவு மாத்திரைச் செலவைவிட உருப்படியானது.

அப்படியும் மாத்திரை கொடுப்பதானால் துத்தநாகம் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உடம்பில் தாமிரம் குறையும். ஆண்மைக்கென்று அவர்கள் வாங்கும் பஸ்மங்களையும் கேட்டறியுங்கள்: ஆயுர்வேத நாக பஸ்மம் ஈயத்திலிருந்தே செய்யப்படுவது. ஈயத்தை வெளியேற்றும் கீலேஷன் மருந்தை முன்தடுப்பாகத் தரவே கூடாது. அதை எடுத்துக்கொண்டே உலையடியில் நின்றால், குடல் வழியாக ஈயம் இன்னும் கூடுதலாக உள்ளே போகலாம்.