ஞாயிறு சந்திப்பு: ஆளுக்கு ஒரு காட்சி

நண்பர்களே, ஞாயிறு வரும்போது முழுக்கதை வேண்டாம், ஒரே ஒரு சினிமா காட்சி எழுதிட்டு வாங்க. டைப் செய்த ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். மூன்று பக்கம் தாண்ட வேண்டாம்.

'முருகன் கவலையாக இருந்தான்' என்று எழுதினால் கேமரா எதைப் பிடிக்கும்? இட்லியைத் தொடாமல், ஃபீஸ் ரசீதை மடித்து மடித்துப் பிரிக்கிறான் என்று எழுதுங்க. நடிகருக்கு வேலை கிடைக்கும், வசனமும் பாதியாகும். அப்புறம் வாய்விட்டுப் படிங்க. நாக்கு இடறுகிற வரியைத் தயங்காமல் வெட்டுங்க.

பாலு மகேந்திரா தன் உதவி இயக்குநர்களைச் சிறுகதைகள் படிக்க வைத்தவர். தினம் ஒரு கதை நாமும் படிப்போம், ப்ளீஸ்.

சனிக்கிழமை இரவுக்குள் காட்சியைக் குழுவில் போட்டால் பிரின்ட் எடுத்து வைக்கிறேன்.