"உனக்கு மேல எத்தனை பேர்?"

அன்புள்ள மகளுக்கு,

நேற்று இரவு "வேலை கிடைச்சிருச்சுப்பா" என்று நீ சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் வாயைத் திறப்பதற்குள், உன் வகுப்பில் யாருக்கு எங்கே கிடைத்தது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். அந்த வரிசையில் உன் இடம் நான்காவது. அதைச் சொல்லும்போது உன் குரல் இறங்கிப்போனது. எனக்கு அப்புறம் தூக்கமே வரவில்லை.

வரிசை போடும் பழக்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். ஆறாம் வகுப்பில் கணக்கில் 96 வாங்கிக்கொண்டு ஓடிவந்தாய். நான் முதலில் கேட்டது, "உனக்கு மேல எத்தனை பேர்?" நீ விரல்விட்டு எண்ணிச் சொன்னாய். அப்படிக் கேட்பதுதான் அக்கறை என்று அன்றைக்கு மனதார நம்பினேன். மன்னித்துக்கொள்ளம்மா.

ஷீனா ஐயங்கார், ரேச்சல் வெல்ஸ், பேரி ஷ்வார்ட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தேன். படிப்பை முடிக்கும் தறுவாயில் வேலை தேடிக்கொண்டிருந்த மாணவர்களைப் பற்றியது. 11 கல்லூரிகள், 548 பேர். இருப்பதிலேயே ஆகச் சிறந்ததைப் பிடித்தே தீருவேன் என்று தேடியவர்களுக்கு, 'இது எனக்குப் போதும்' என்று எடுத்துக்கொண்டவர்களைவிட 20 சதவீதம் கூடுதல் சம்பளத்தில் வேலை கிடைத்தது. கிடைத்த வேலையில் மனநிறைவு குறைந்திருந்ததும் அவர்களுக்குத்தான். தேடிய நாட்களிலும் அவர்கள்தான் அதிகம் வாடியிருக்கிறார்கள். எது நல்லது என்பதற்கு அவர்கள் வெளியாட்களின் பேச்சையே அதிகம் நம்பினார்கள். கைக்கு வராத வாய்ப்புகளை மனதிலிருந்து இறக்கி வைக்கவும் அவர்களால் முடியவில்லை. படித்தபோது உன் குரல்தான் காதில் கேட்டது.

சம்பளம் முக்கியமில்லை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். கடன் வாங்கிப் படித்த பிள்ளையிடம் அப்படிச் சொல்வது கொடுமை. கடனை அடை, கையில் கொஞ்சம் சேர்த்து வை. ஆனால் அடுத்தவளுக்கு எவ்வளவு என்று தெரிந்ததும் உன் சம்பளம் சின்னதாகிப் போகிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முந்தின நாள்வரை அது உனக்குப் பெரிய தொகையாகத்தானே இருந்தது?

மூன்றாம் ஆண்டில் ஒரு நள்ளிரவு எனக்குப் போன் செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வாரமாக ஓடாத புரோகிராம் ஓடிவிட்டது என்று கத்தினாய். தப்பு எந்த வரியில் இருந்தது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மூச்சுவிடாமல் சொன்னாய். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆனால் அவ்வளவு நேரப் பேச்சில் வகுப்பில் வேறு யாருடைய பெயரும் வரவில்லை. உனக்கு மேலே எத்தனை பேர் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

வேலையில் சேர்ந்ததும் போன் செய். என்ன வேலை கொடுத்தார்கள், அதில் எது உன்னைப் பாடாய்ப் படுத்துகிறது என்று சொல். புரிகிறதோ இல்லையோ, எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அப்பா